இறகு முளைக்கும் நாள்களில் கிளி: கடற்கரை வீட்டில் கவனிக்க வேண்டியவை

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த காக்டெயில் (cockatiel) என்னும் கொண்டைக் கிளியின் மார்பும் தொடைகளும் சிறகுகளின் அடிப்பகுதியும் உரித்த கோழியைப் போலிருந்தன. தலையில் மட்டும் மஞ்சள் கொண்டை ஓர் இறகுகூடக் குறையாமல் நிமிர்ந்து நின்றது. வளர்த்தவர்கள் வெளிநாடு சென்றபின் மாதக்கணக்கில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கிடந்த பறவை அது. அதைப் பற்றி நான் அறிந்துகொண்ட முதல் செய்தியைச் சொன்னது அந்தக் கொண்டைதான். கிளியின் அலகு எட்டாத இடம் அதன் தலை. உடல் மொட்டையாகித் தலை மட்டும் முழுமையாக இருந்தால், பறவை தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தலையிலும் இறகு உதிர்ந்திருந்தால், உடன் அடைக்கப்பட்ட பறவை பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது நோய் இருக்க வேண்டும். ஆகவே மீட்ட கிளியைக் கையில் வாங்கியவுடன் இறகு எங்கே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால், பின்னர் மருத்துவரிடம் பேசுவதற்கும் நம் பொறுமையைக் காப்பதற்கும் அது உதவும்.

மேலே செல்வதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கழுத்தில் வளையமுள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைகளில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சிறகு வெட்டப்பட்ட பச்சைக்கிளி உங்கள் கையில் கிடைத்தால், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. அன்பின் மிகுதியால் அதை வீட்டில் வைத்துக்கொள்வது பறவைக்கும் உங்களுக்கும் நன்மை தராது. காக்டெயில், பட்ஜி போன்ற வெளிநாட்டுக் கிளிகளுக்கு இத்தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கனூர் முதலியவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளமையால், 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இனி இங்கே சொல்லப்படுவன, சட்டப்படி வீட்டில் இருக்கக்கூடிய கிளிகளைப் பற்றியவை.

இறகு எவ்வாறு முளைக்கிறது என்பதைப் பனங்குருத்தைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஓலை உள்ளே சுருண்டிருக்க, குருத்து கூம்பாக மேலெழுந்து பின்னர் விரிவதுபோல், புதிய இறகும் மெல்லிய உறையால் மூடப்பட்ட ஒரு குச்சியாகத்தான் தோலிலிருந்து வெளிவருகிறது. அதைக் குருத்திறகு என்றே அழைக்கிறேன். வளரும் காலத்தில் அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அடிப்பகுதி கருநீலமாகத் தெரிவது அதனால்தான். இறகு முதிர முதிர இரத்தம் பின்வாங்கும், உறை வெளுத்து உலரும், பறவை அதைக் கோதிக் கோதிப் பொடியாக உதிர்க்கும், இறகு விரியும். வேரோடு பிடுங்கப்பட்ட இறகின் குழி சேதமடையாமல் இருந்தால் புதிய குருத்து விரைவில் கிளம்பிவிடும். கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட இறகின் கதை வேறு. வெட்டுண்ட அடிக்கட்டை இயல்பாக உதிரும் பருவம் வரும்வரை அது அப்படியே நிற்கும், அதற்கு ஓராண்டுகூட ஆகலாம். எங்கள் கிளியின் மார்பில் நான்காம் வாரத்திலேயே சாம்பல்நிற இறகு பூத்துவிட்டது. வெட்டப்பட்டிருந்த வலச்சிறகோ எட்டு மாதம் வரை அசையவில்லை.

முதல் வாரம்: பரிசோதனையும் தனிமையும்

இறகு இழப்புக்கு மனச்சோர்வு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அலகு–இறகு நோய் எனப்படும் வைரஸ் தொற்றில் புதிய இறகுகள் இடையில் இறுகியும் முறுகியும் உருக்குலைந்தும் வரும். அது மற்றக் கிளிகளுக்கு எளிதில் பரவும், இரத்தத்தையோ இறகையோ சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். குடல் ஒட்டுண்ணிகள், பேன் வகைகள், துத்தநாக நஞ்சு, வெறும் தானியத்தையே தின்று வளர்ந்ததால் வரும் வைட்டமின் ஏ குறைபாடு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். எனவே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். உள்ளூரில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் மதுரைக்கோ, திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். வெயில் ஏறுமுன் புறப்பட்டு, கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மூடிக்கொண்டு போவது நல்லது.

வீட்டில் வேறு பறவைகள் இருந்தால், புதிதாக வந்ததை ஆறு வாரமாவது தனி அறையில் வைத்து, அதன் தட்டுகளையும் தனியாகக் கழுவுங்கள். எச்சத்தை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசி பறக்கும். நீர் தெளித்து ஈரமாக்கித் துடைப்பதே கிளிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாமல் காக்கும் வழி. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் காலையில் உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். வளர்ந்த காக்டெயில் பொதுவாக 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பறவை சுறுசுறுப்பாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நோயை மறைப்பது பறவையின் இயல்பு.

கூண்டும் காற்றும்

வெளிநாட்டவர் எழுதிய குறிப்புகளில் பெரும்பகுதி குளிரைப் பற்றியே இருக்கும். நம் கரையில் குளிர் அத்தனை பெரிய எதிரி அன்று. பாம்பனில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே தொல்லை தருபவை உப்பும் காற்றும் ஈரமும் வெயிலும்.

உப்பில் தொடங்குகிறேன், ஏனெனில் நான் தவறு செய்தது அதில்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கூண்டுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய கம்பிவலையால் ஆனவை. உப்புக்காற்றில் சில மாதங்களிலேயே அப்பூச்சு வெண்பொடியாகக் கிளம்புகிறது. பொழுது போகாத கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பொடி வயிற்றுக்குள் போகிறது. துத்தநாகம் மிகுந்தால் வாந்தி, தளர்ச்சி, நீர்த்த எச்சம் ஆகியவற்றோடு இறகு பிடுங்கும் பழக்கமும் வரக்கூடும். அதாவது இறகு முளைப்பதற்காக நாம் வைத்திருக்கும் கூண்டே அதைப் பிடுங்கச் செய்யலாம். இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த வெண்பொடியை நான் கவனித்தேன். துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு விலை கூடியது என்றாலும் இக்கரையில் அதுவே நிலைக்கும். உடனே மாற்ற இயலாதவர்கள், பறவையை வெளியே எடுத்துவிட்டு, வினிகரில் தோய்த்த தூரிகையால் கம்பிகளைத் தேய்த்து, நல்ல நீரில் பலமுறை அலசி உலர்த்திவிட்டுப் பயன்படுத்தலாம். இது தற்காலிக ஏற்பாடுதான்.

மீன்பிடிக் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வலையில் கோக்கும் ஈயக்குண்டுகள் கிளியின் பார்வைக்கே வரக் கூடாது. ஒரு சிறு துணுக்கு ஈயமும் நஞ்சு. வலை முடையும் நைலான் நூலின் ஒரு முழத் துண்டு போதும், கால்விரலைச் சுற்றி இறுக்கி இரத்தவோட்டத்தை நிறுத்திவிடும்.

கூண்டை வீட்டின் உட்சுவரை ஒட்டி, பார்வை மட்டத்தில், ஒரு பக்கமாவது மறைவு இருக்கும்படி வையுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் நாள்களில் கடலை நோக்கிய சன்னல் அருகே மொட்டை உடம்போடு ஒரு பறவை இருக்கலாகாது. இறகில்லாத தோலில் மணலும் உப்பும் படிந்தால் அரிப்பெடுக்கும், அரித்தால் அது கடிக்கும், கடித்தால் முளைத்ததும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வாடைக்காற்று வீசும் இரவுகளில் மட்டும் சிறிது வெப்பம் தேவைப்படலாம். பறவை உப்பிக்கொண்டு அசையாமல் இருந்தாலோ நடுங்கினாலோ, கூண்டின் ஒரு மூலைக்கு வெளியே, அலகு எட்டாத தொலைவில், 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். அந்த மூலையில் ஏறத்தாழ 28 செல்சியசு இருந்தால் போதும். மறுமூலை குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும், எங்கே உட்காருவது என்பதைப் பறவை தீர்மானிக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ சிறகுகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தாலோ வெப்பம் மிகுந்துவிட்டது என்று பொருள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நம் வீட்டுக் கூண்டையும் இறக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவது எங்கள் வழக்கம்.

வெயில் வேண்டும், ஆனால் அளவாக. காலை எட்டு மணிக்கு முன் கால் மணிநேர இளவெயில் போதும்; கூண்டின் பாதி நிழலில் இருக்க வேண்டும், காகமும் பூனையும் அண்டாமல் அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் வெறுந்தோல் வெந்துவிடும்.

கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் கிளியிருக்கும் அறையில் கூடா. கொசுக்கடி பறவை அம்மை நோயைப் பரப்பக்கூடியது, இறகில்லாத பறவையோ கொசுவுக்குத் திறந்த இலை. ஆகவே மாலையானதும் கூண்டின் மேல் கொசுவலையைப் போர்த்துங்கள், வலை நூலைக் கடிக்க முடியாதபடி நான்கு விரற்கடை விலகியிருக்கட்டும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும் என்பதையும் சமைப்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

சிறகு இல்லாத கிளி விழும். விழுந்தால் மார்பெலும்பின் மேல் தோல் கிழியும். உட்காரும் கிளைகளைத் தாழ்வாகக் கட்டி, தரையில் மடித்த பழந்துணி பரப்புங்கள். கிளைக்குக் கொய்யா, வேம்பு நல்லவை. எங்கும் மண்டிக் கிடக்கிறதே என்று முள்ளுள்ள சீமைக்கருவேலத்தை வெட்டி வைக்காதீர்கள். அரளியும் எருக்கும் நஞ்சு.

உணவு

இறகு ஏறத்தாழ முழுவதும் கெரட்டின் என்னும் புரதமே. அதைக் கட்ட மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தின்ற கிளியிடம் இவற்றோடு வைட்டமின் ஏயும் சுண்ணமும் குறைவாகவே இருக்கும். இதற்குப் புட்டியில் விற்கும் ‘இறகு டானிக்’ எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; நம் அடுப்படியே போதும். தானியத்தில் தினை, குதிரைவாலி. எட்டு மணிநேரம் ஊறவைத்து முளைகட்டிய பாசிப்பயறு. வாரம் இரண்டு மூன்று முறை கட்டைவிரல் நகமளவு வேகவைத்த முட்டை. பயற்றில் குறையும் மெத்தியோனினை ஈடுசெய்ய ஒரு சிட்டிகை எள். இவற்றோடு முருங்கைக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு தினமும் இருக்கட்டும். பழுத்த சிவப்பு மிளகாயையும் தரலாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, அதில் வைட்டமின் ஏ ஆகும் நிறமிகள் நிரம்ப உள்ளன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை எங்கள் கிளி ஒரு காலால் பிடித்துக்கொண்டு விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும். பார்க்கும் நமக்குத்தான் கண்ணில் நீர் வரும்.

சுண்ணத்துக்குக் கணவாய் ஓடு இருக்கிறது. கடைகளில் காசு கொடுத்து வாங்குவதை இங்கே அலையே கொண்டுவந்து போடுகிறது. தார் படாத, வெண்மையான ஓடாகப் பார்த்து எடுத்து, நல்ல நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, உப்பு போனபின் வெயிலில் நன்கு காயவைத்துக் கூண்டில் கட்ட வேண்டும்.

இந்த ஈரக்காற்றில் தானியம் விரைவில் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை கிளியின் நுரையீரலைத் தாக்கும். பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி இறுக மூடி வையுங்கள். முளைப்பயற்றையும் முட்டையையும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், உப்பிட்ட எதுவும், கருவாட்டுத் துணுக்கு உட்பட, கூடவே கூடாது.

குளியலும் தோலும்

பக்கத்து வீட்டு அப்பத்தா, ‘தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவு, பத்தே நாளில் மயிர் முளைக்கும்’ என்றார். அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு அது பொருந்தியிருக்கும், பறவைக்குப் பொருந்தாது. எண்ணெய் எதுவாயினும் முளைத்துவரும் இறகுகளை ஒட்டவைத்துவிடும், உடல்வெப்பத்தைக் காக்கும் அவற்றின் ஆற்றல் கெடும், கோதும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய்க்கும் இதுவே பதில். மனிதருக்கான களிம்புகளும் வேண்டாம்.

தோலுக்குத் தேவை நல்ல நீர். வாரத்தில் மூன்று நான்கு நாள், காலையில், மெல்லிய பனிபோல் தெளிக்கும் புட்டியால் பறவையின் தலைக்குமேல் தூவுங்கள். விலகிப் போனால் வற்புறுத்தாமல், தட்டையான கிண்ணத்தில் நீர் வைத்துவிட்டால் அதுவே இறங்கும். இங்கே கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்த நீர் உலர்ந்தால் தோலில் உப்புப் படலம் நிற்கும் என்பதால், நாம் குடிக்கும் நீரையே குளியலுக்கும் கொடுக்க வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வீட்டிலும் ஒரு கிளிக்கு நாளொன்றுக்கு ஒரு டம்ளர்தான் செலவாகும். புண் இருந்தால் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கருவாடு காயப்போடும் தெருக்களில். புழு வைத்தால் அன்றே மருத்துவர்.

குருத்து ஒடிந்தால்

குருத்திறகு பல் முளைக்கும் குழந்தையின் ஈறு போன்றது, தொட்டால் வலிக்கும். அந்நாள்களில் கிளி எரிச்சலோடு இருக்கும், கைக்கு வராது, கடிக்கும். அதைக் குணக்கேடு என்று எண்ணிவிடாதீர்கள். முதுகிலும் சிறகிலும் தடவுவதை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். தலையிலும் பின்கழுத்திலும் உள்ள உறைகளை மட்டும், அவை வெளுத்து உலர்ந்தபின், பறவையே தலையைக் குனிந்து கேட்டால், நகநுனியால் மெல்ல நொறுக்கிவிடலாம். அடி கறுத்திருக்கும் எதையும் தொடக் கூடாது.

சிறகில் தனியாக நீட்டிக்கொண்டு வரும் முதல் குருத்துக்கு ஆபத்து அதிகம்; அணைத்துத் தாங்க இருபுறமும் முதிர்ந்த இறகு இல்லாமையால், ஒரு படபடப்பிலேயே ஒடிந்துவிடும். 90 கிராம் பறவையின் உடம்பில் மொத்த இரத்தம் ஏறத்தாழ 9 மில்லிதான், இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. இரத்தம் கண்டால் பறவையை மெல்லிய துண்டில் சுற்றி, மார்பை இறுக்காமல் பிடித்து, ஒடிந்த முனையில் சோளமாவை அப்பி, சுத்தமான துணியால் மூன்று நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டால் இருட்டான அமைதியில் விட்டுவிடலாம். நிற்காவிட்டால் நேரம் பார்க்காமல் புறப்பட வேண்டும். ஒடிந்த குருத்தை இழுத்துப் பிடுங்கிவிடு என்று பழைய பறவைக்காரர்கள் சொல்வதுண்டு. குழி கிழிந்து இறகே வராமல் போகக்கூடும் என்பதால் அதை மருத்துவரின் கைக்கே விட வேண்டும்.

காக்டெயில் இரவில் திடுக்கிட்டு இருட்டில் அடித்துக்கொள்ளும் இனம். இடி, பட்டாசு, பல்லியின் ஓட்டம் எதுவும் போதும். ஒரு சிறு இரவு விளக்கு எரிந்தால் தான் இருக்கும் இடம் தெரிந்து அடங்கிவிடும். மற்றபடி பத்து முதல் பன்னிரண்டு மணிநேர உறக்கம் கட்டாயம். தொலைக்காட்சி ஓடும் கூடம் அதற்கு ஏற்ற இடம் அன்று.

பிடுங்கும் அலகுக்கு வேலை

முளைத்ததை மறுபடி பிடுங்கினால் அதட்டாதீர்கள், ஓடிவந்து தடுக்கவும் வேண்டாம். பிடுங்கினால் ஆள் வருவார் என்று கிளி கற்றுக்கொள்ளும். அலகுக்கு வேறு வேலை கொடுப்பதே வழி. நம் மாவட்டத்தில் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. மருந்தடிக்காத ஓலையைக் கழுவி, கீற்றுகளாகக் கிழித்து, முடிச்சில்லாமல் பின்னித் தொங்கவிட்டால் ஒரு நாள் முழுவதும் அதை நார் நாராக்கும். ஓலையில் சிறு பொட்டலம் மடித்து உள்ளே நான்கு தினை வைத்தால் உணவைத் தேடித் தின்னும் இயல்பும் நிறைவேறும். எங்கள் கிளி பிடுங்குவதைக் குறைத்தது மருந்தால் அன்று, நாளுக்கு ஆறு ஓலைப் பொட்டலத்தால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அலகு உடலுக்கு எட்டாமல் தடுக்கும் கழுத்துப்பட்டை மருத்துவர் சொன்னால் மட்டும். காலுறையை வெட்டிச் சட்டையாக மாட்டுவதை நம் வெக்கையில் நினைக்கவே வேண்டாம்.

உடலிறகுகள் நான்கு வாரத்திலும் பெரிய சிறகிறகுகள் இரண்டு மாதத்திலும் நிறைவடைவது இயல்பு. ஆண்டுக்கணக்கில் பிடுங்கப்பட்ட இடங்களில் குழிகள் செத்துப்போயிருக்கலாம், அப்படியானால் அங்கே ஒருபோதும் முளைக்காது. எங்கள் கிளிக்கு இடத்தொடையின் உட்புறம் இன்றும் வெறுந்தோல்தான்; அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

சிறகில் நான்கைந்து நீண்ட இறகுகள் விரிந்த அன்றே பறக்க முயலும் என்பதை எதிர்பார்த்திருங்கள். அதற்கு முன்பே சன்னல்களுக்கு வலை அடித்துவிட வேண்டும், நிலைக்கண்ணாடியைத் துணியால் மறைக்க வேண்டும், திறந்த தண்ணீர்த் தொட்டிகளை மூட வேண்டும். கடலோரத்தில் வெளியேறும் கிளி காற்றோடு நீர்மேல் போய்விட்டால் திரும்ப வழி தெரியாது. கூண்டைத் திறக்கும்போதெல்லாம் மின்விசிறி நின்றிருக்க வேண்டும்; எங்கள் வீட்டில் அந்தச் சுவிட்சின் மேல் சிவப்பு மையில் ‘கிளி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.